அன்னைக்கு ஊர்ல துட்டி

அக். 25, சனி

விடிந்ததிலிருந்து மழை. மாடி அறை வழக்கமான இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்தேன். ஆறு பேரும் நனைந்துகொண்டே வந்துவிட்டார்கள். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், பழைய தண்டனைக் கேஸ்களை மறுபடி பார்க்கும் என் பயிற்சிக்கு வருகிறவர்கள். மழையைச் சாக்கு வைத்து ஒருத்தர்கூட லீவு போடவில்லை. நான் அந்த வயதில் போட்டிருப்பேன்.

இன்றைய பாடம்: பழைய கேஸ் கட்டை வாசிப்பது எப்படி. தீர்ப்பை முதலில் வாசிக்கக் கூடாது. முதலில் எஃப்.ஐ.ஆர்., பிறகு சாட்சிகள், தீர்ப்பு கடைசியில். போர்டில் எழுதிப் போட்டவை:

– தேதி, நேரம், இடம். எல்லாம் சார்ட்டில் ஏற வேண்டும்.
– சாட்சி எங்கே நின்றார்? அங்கே அவருக்கு என்ன வேலை?
– கேட்கப்படாத கேள்வி எது?
– நமக்கு எதிராக இருப்பதையும் எழுது. அதை முதலில் எழுது.

முதல் மூன்றை எழுதிக்கொண்டார்கள். நாலாவதற்கு முத்துக்குமார் முகத்தைச் சுளித்தான். ஒல்லிப் பையன், ஓட்டப்பிடாரம், எங்கள் ஊர்க்காரன். கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுவான். நமக்கு எதிரானதை நாமே எதுக்கு மேடம் எழுதணும் என்றான். நீ எழுதாவிட்டால் அரசு வக்கீல் எழுதுவார் என்றேன்.

பயிற்சிக்குக் கொடுத்த கேஸ் லாரன்ஸ். சங்கு குளிக்கிறவர். பன்னிரண்டு வருஷமாகப் பாளையங்கோட்டை ஜெயில், ஆயுள். அந்த வருஷம் மார்ச் 11 மதியம், ஒரு சங்கு வியாபாரி கடற்கரையில் தன் கொட்டகைக்குள் குத்துப்பட்டுக் கிடந்தார். அதற்கு முந்தின வாரம், லாரன்ஸ் கொண்டுவந்த சங்கு அளவில் சிறியது என்று வியாபாரி தூக்கிப் போட்டதில் லாரன்ஸுக்கும் அவருக்கும் சண்டை. லாரன்ஸ் வீட்டில் ஒரு கத்தி எடுத்தார்கள். மீன் வெட்டுகிற கத்தி, அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பது. மிச்சமெல்லாம் அ.சா.4, அதாவது அரசுத் தரப்பு நாலாவது சாட்சி. அதே ஊர் மீனவர். "கடலுக்குப் போய்விட்டு வந்து, பதினோரு மணி வாக்கில் வள்ளத்தைக் கரையேற்றும்போது, எதிரி இடுப்புச் சாரத்தில் ரத்தத்தோடு கொட்டகையிலிருந்து ஓடியதைப் பார்த்தேன்." எதிரி என்றால் கோர்ட் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவர், லாரன்ஸ். அந்த ஒரு வரியில்தான் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டிலும் அதே வரிதான்.

அந்த வாக்குமூலத்தின் அடியில்: எதிரி தரப்பில் குறுக்கு விசாரணை இல்லை.

முத்துக்குமார் அதை உரக்க வாசித்தான். "வக்கீலு தூங்கிட்டாரு போல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வக்கீல் நான்.

இலவச சட்ட உதவியில் எனக்கு வந்த நாலாவது கேஸ் அது. தீர்ப்பின் முதல் பக்கத்தில் என் பேர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை உருவிவிட்டுத்தான் ஜெராக்ஸ் போட்டேன். கேட்டால் கிழிந்துபோயிற்று என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். வீட்டுக்காரருக்கு பி.பி. மாத்திரை.

அக். 26, ஞாயிறு

மழை விட்டது. நேர்காணல் பயிற்சி. ஜெனிட்டாவையும் முத்துக்குமாரையும் கூட்டிக்கொண்டு லாரன்ஸின் ஊருக்கு, அவர் அக்கா ரெஜினா வீட்டுக்கு. மனு எழுதி எங்களுக்கு அனுப்பியது ரெஜினாதான். வழக்கு நடந்தபோது கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள், கோர்ட்டுக்கு வந்ததே இல்லை. அதனால் என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள். அது நியாயமும்கூட.

ஜெனிட்டாவுக்கு அம்மா வழியில் இதே ஊர். வழியெல்லாம் "ஏளா, யாரு மவ நீ?" என்று நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். வீடு போய்ச் சேர அரைமணி.

பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன்: நம்பிக்கை கொடுக்கக் கூடாது, கண்ணீர் வந்தால் பேனாவைக் கீழே வை, நடுவில் பேசாதே. நன்றாகவே செய்தார்கள். சம்பவத்தன்று தம்பி எங்கே இருந்தான் என்று முத்துக்குமார் கேட்டான். "டவுனுக்குப் போயிருந்தான் சார், சாமான் வாங்க. தனியாத்தான் போனான்." அவன் எழுதினான்: டவுன், சாமான், தனியாக. சாட்சி இல்லை. அடுத்த கேள்விக்குப் போனான்.

கடைசியில் அம்மாவைப் பற்றிக் கேட்டோம். இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். மகனை ஜெயிலில் போய்ப் பார்த்தாரா? ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் அப்படியே எழுதிக்கொண்டேன், கை எழுதியது:

"மொதல்ல நம்பத்தான் செஞ்சா. ஒரு நாளு கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தா. வந்து சொல்லுதா, நம்ம பக்கத்து வக்கீலம்மாவே எந்திச்சி ஒரு கேள்வி கேக்கல, அப்ப இவன் செஞ்சிருக்கான்னுதான அர்த்தம்னு. அதுக்குப் பொறவு சாவுற மட்டும் அவன் மொகத்துல முழிக்கல."

தண்ணீர் கேட்டேன். வாங்கித் தரையில் வைத்துவிட்டேன். ஜெனிட்டா என்னைப் பார்த்தாள், உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாள்.

பஸ்ஸில் வரும்போது முத்துக்குமார் சொன்னது: "மேடம், அந்த வக்கீலம்மா மட்டும் என் கையில கெடச்சா."

அக். 29, புதன்

வெயில். மாஜிஸ்திரேட் கோர்ட், வாய்தா. ஜீவனாம்சக் கேஸ், வாய்தா. வக்கீல்கள் அறையில் மின்விசிறி ரிப்பேர். பலாக்கொட்டை வாங்கினேன், பாதி சொத்தை.

லாரன்ஸின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் வருகிறது. சங்கு எடுக்கிற விரல்கள், நகமெல்லாம் தேய்ந்து. வேறு ஒன்றும் வரவில்லை. அன்று எனக்கு வயது முப்பத்தெட்டு, சின்னப் பிள்ளை இல்லை. அந்தச் சாக்கும் கிடையாது.

ஏன் கேட்கவில்லை? நினைவில்லை என்று எழுதப் போனேன். பொய். நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பழைய டைரிகள் பீரோவுக்கு மேலே டிரங்குப் பெட்டியில். ஏணி வேண்டும். இன்று முழங்கால் வலி.

நவ. 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கடற்கரை ஊரெல்லாம் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றியிருப்பார்கள். பயிற்சிக்கு லீவு. அவரும் நானும் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

ஆறரைக்கு ஜெனிட்டா போன். மூச்சு வாங்கியது. அம்மாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். பெரியம்மா கல்லறைக்குத் திரி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பக்கத்துக் கல்லறைக் குருசில் ஒரு தேதி. மரியம்மாள், இறப்பு மார்ச் 10. வருஷம் நம் கேஸின் வருஷம். சார்ட்டில் எழுதி எழுதி அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம்.

"மேடம், பத்தாம் தேதி ஒரு சாவு விழுந்து துட்டின்னா பதினொண்ணுலதான் அடக்கம் இருந்திருக்கும். அடக்கம் முடியிற மட்டும் ஒரு வள்ளமும் எறங்காது. அப்ப அ.சா.4 கடலுக்கே போகல. கடலுக்குப் போவாம எப்பிடி வள்ளத்தக் கரையேத்துனாரு?"

லைன் கட்டாயிற்று என்று நினைத்து ஹலோ ஹலோ என்றாள்.

நல்லது, யாரிடமும் சொல்லாதே, நாளை மறுநாள் உடைத்துப் பார்ப்போம் என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். வைத்த பிறகு அடுக்களையில் போய் நின்றேன். துட்டி. துட்டி. அந்த வார்த்தையை விசாரணை நாளில் யாரோ என்னிடம் சொன்னார்கள். கூண்டுக்குள்ளிருந்து சொன்னார்கள். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

நவ. 4, செவ்வாய்

தூறல். "உடைத்துப் பார்ப்பது" என்றால்: நமக்குச் சாதகமான ஒன்று கிடைத்ததும் அரசு வக்கீலாக மாறி அதை நொறுக்கப் பார்க்க வேண்டும். தாங்கினால் வைத்துக்கொள்ளலாம்.

முத்துக்குமார் நொறுக்கினான். குருசில் தேதி தப்பாக வெட்டியிருந்தால்? அடக்கம் பத்தாம் தேதி சாயங்காலமே முடிந்திருந்தால்? இந்த வழக்கம் சும்மா பேச்சுக்கு இருந்தால்?

ஜெனிட்டாவும் அவனும் பங்குக் கோயிலுக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினார்கள். ஃபாதர் பதிவேட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அங்கே கோயில்பிள்ளைதான் எல்லாம்: மணி அடிப்பது, பதிவேட்டு அலமாரிச் சாவி. மரியம்மாள், இறப்பு மார்ச் 10 மாலை, அடக்கம் மார்ச் 11 மாலை நாலு மணி. சான்றிட்ட நகல் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். கோயில்பிள்ளை சொன்னதை ஜெனிட்டா அவர் பேசியபடியே எழுதி வந்திருக்கிறாள்:

"துட்டி மணி அடிச்சாச்சின்னா ஒருத்தரும் எறக்க மாட்டாவ. அடக்கம் முடிஞ்ச பொறவுதான் கடலு. எவனாவது எறக்கிட்டாம்னு வையி, நாளைக்கி அவன் வீட்டுத் துட்டிக்கித் தூக்க யாரு வருவா?"

கோர்ட்டில் அ.சா.4 இப்படிச் சொன்னார் என்பதே அவருக்குத் தெரியாதாம். ஊரில் யாருக்குமே தெரியாது. தெரிந்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? கேட்க வேண்டியவள் நான்.

அ.சா.4 இறந்துவிட்டார், போன கொரோனாவில். ஏன் அப்படிச் சொன்னார் என்று இனித் தெரியப்போவதில்லை.

ரெஜினாவுக்குப் போன் போட்டு, அன்று தம்பி வாங்கப் போனது என்ன சாமான் என்று கேட்கச் சொன்னேன். மெழுகுதிரி, கறுப்புத் துணி, பெட்டிக்கு ஆணி. துட்டிச் சாமான். நீங்க கேக்கலயே என்றாளாம். முத்துக்குமார் தன் நோட்டை எடுத்து "சாமான்" என்று எழுதியிருந்ததையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விடு, அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

பிள்ளைகள் எல்லோருக்கும் சந்தோஷம். மக்ரூன் வாங்கி வந்து ஆளுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று. கையிலேயே நசுங்கிப் பொடியாயிற்று.

நவ. 8, சனி

மதுரை சீனியர் வக்கீலுடன் ஸ்பீக்கர் போனில் பேசினோம். சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு அவர்தான் போடுவார். பதிவேடு நல்ல ஆதாரம் என்றார். ஆனால் கோர்ட் கேட்கிற முதல் கேள்வி, இத்தனை வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்பது. இப்போது கண்டுபிடித்து ஜோடித்தது என்பார்கள். எதிரி இதை அன்றைக்கே தன் வக்கீலிடம் சொன்னார் என்பதற்கு, அன்றைக்கே எழுதின துண்டுச் சீட்டு ஒன்று இருந்தால் போதும், கதை வேறு.

"அந்த டிரையல் வக்கீல் யாருன்னு பாருங்க. உயிரோட இருந்தா பழைய கேஸ் கட்டைத் தேடச் சொல்லுங்க."

சரி சார் என்றேன். போன் வைத்ததும் முத்துக்குமார் எழுந்துபோய் போர்டில் எழுதினான்: டிரையல் வக்கீல் யார்? தீர்ப்பு முதல் பக்கம் எங்கே? இரண்டாவதற்கு அடியில் இரண்டு கோடு. கோர்ட் நகல் பிரிவில் திங்கள்கிழமை மனு போடுவதாகச் சொன்னான்.

நான் துணியால் அந்த இரண்டு வரியை மட்டும் துடைத்தேன். "அத ஏன் மேடம் அழிக்கீங்க?" என்றான். இடம் பத்தவில்லை என்றேன். போர்டு முக்கால்வாசி காலி.

நவ. 9, ஞாயிறு

வெயில். அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் ஏணி போட்டு டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பாச்சை உருண்டை வாசம். கறுப்பு அட்டை டைரிகள், வருஷத்துக்கு ஒன்று. யாரும் பார்க்கப்போவதில்லை என்றுதான் இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். இதையும் அப்படித்தான்.

அந்தப் பக்கம், எழுத்து மாறாமல்:

"காலை செசன்ஸ். லாரன்ஸ் கேஸ். அ.சா.4 முதல் விசாரணை. எதிரி கூண்டிலிருந்து கூப்பிட்டு, அன்னைக்கு ஊர்ல துட்டிம்மா, அன்னைக்கு துட்டி என்றார். அதற்கென்ன இப்போது என்றேன். முன்சீப் கோர்ட்டில் என் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஆள் வந்தது. குறுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஓடினேன். எப்படியும் செய்தவன்தான் போலிருக்கிறது. வரும்போது முருங்கைக்காய்."

முருங்கைக்காய் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் கரிசல். ஒரு வீட்டில் துட்டி என்றால் மற்ற வீட்டார் போய்த் துக்கம் கேட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு சாவுக்கு ஒரு கடலே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கோ அது எனக்குத் தெரியாமல் இருக்கும் என்றே தோன்றியிருக்காது. துட்டி என்று சொன்னால் எல்லாம் சொன்னதாக நினைத்திருப்பார். ஓட்டப்பிடாரத்திலிருந்து கடல் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. "அதற்கென்ன" என்று சொன்னதற்குப் பதில் "அதனால என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவுதான்.

மதுரை சீனியர் கேட்ட துண்டுச் சீட்டு இதுதான். அதே மையில், கொஞ்சம் தள்ளி, "எப்படியும் செய்தவன்தான்." கிழிக்க முடியாது, மறைத்து நகல் எடுக்க முடியாது. முழுப் பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

அழுதேன். அவர் வந்தபோது தூசி என்றேன். தூசிக்கு ஏணியை ஏன் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்றார்.

நவ. 10, திங்கள்

சொல்லவில்லை. சாளை மீன் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.

நவ. 11, செவ்வாய்

சொன்னேன்.

ஆறு பேரும் உட்கார்ந்ததும் டிராயரிலிருந்து தீர்ப்பின் முதல் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் பழைய டைரி, பக்கம் திறந்து. வாசியுங்கள் என்றேன். நானே வாசித்துக் காட்டத்தான் நினைத்திருந்தேன்.

முத்துக்குமார்தான் முதலில் பேரைப் பார்த்தான். பிறகு டைரியை வாசித்தான். "முருங்கைக்காய்" வரைக்கும் வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டைப் பார்த்தார்கள். ஜெனிட்டா மட்டும் கேட்டாள்.

"துட்டின்னா வள்ளம் எறங்காதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா மேடம்?"

தெரியாது என்றேன். தெரிந்துகொள்ளவும் இல்லை என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. நம்ப முடியாமல் பார்த்தாள்.

யாரும் கேட்காமலே அவர்களுக்குக் கடைசிப் பாடம் ஒன்றையும் சொன்னேன்: கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது கட்சிக்காரருடைய சொத்து. அவர் சம்மதம் இல்லாமல் இந்தப் பக்கத்தைக் கோர்ட்டில் காட்ட முடியாது. அதனால் நான் ஜெயிலுக்குப் போய் அவர் முன்னால் இதை வாசித்துச் சம்மதம் வாங்க வேண்டும். என் பிரமாணப் பத்திரத்தை நீங்களே எழுதுங்கள், நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன்.

முத்துக்குமார் அரைமணி கழித்துத் திரும்பி வந்தான். தலை நனைந்திருந்தது. உட்கார்ந்து பேனாவை எடுத்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான்: "எனக்கும் தெரியாது மேடம். சாமான்னதும் சாமான்னுதான எழுதுனேன்."

நவ. 14, வெள்ளி

பாளையங்கோட்டை. மேகமூட்டம். மனு, அடையாள அட்டை, பை சோதனை. டைரியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். சிறை அதிகாரி நல்ல மாதிரி. வக்கீல்கள் நேர்காணல் அறை, மேஜை, இரண்டு நாற்காலி.

லாரன்ஸ். நரைத்துவிட்டார். கை அதே கை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்கம்மா." தெரிகிறதா என்று கேட்டேன். ஏன் தெரியாமல், எங்கள் கேஸ் நடத்தின அம்மாதானே என்றார். நடத்தின.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்பதா வாசிப்பதா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தது வீண். மன்னிப்பை முதலில் கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. "எப்படியும் செய்தவன்தான் போலிருக்கிறது." அதையும். முருங்கைக்காயையும்.

பிறகு, நான் சொன்னதை இன்னொருக்கா வாசிங்க என்றார். வாசித்தேன். அன்னைக்கு ஊர்ல துட்டிம்மா, அன்னைக்கு துட்டி.

"எழுதி வச்சிருக்கீயளே," என்றார். "நான் சொன்னது ஒருத்தர் காதுலயும் உழலன்னுதாம்மா இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன். நீங்க எழுதி வச்சிருக்கீயளே."

திட்டியிருக்கலாம். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். இந்த மனுஷன் சந்தோஷப்படுகிறார். அந்த இடத்தில் எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

செய்தவன்தான்னு எழுதினதையும் கேட்டீங்கல்ல என்றேன். கேட்டேன் என்றார். எங்கம்மையே அப்படித்தான நெனச்சா, உங்கள என்ன சொல்ல என்றார்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று இடம். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று கேட்டார். அம்மாவின் அடக்கத்துக்கு அவரை விடவில்லையாம், வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று.

"அம்மை செத்தன்னைக்கி வள்ளம் எறங்காமத்தான இருந்திச்சி? ரெஜினாட்ட கேட்டா பேச்ச மாத்துதா. நீங்க கேட்டுச் சொல்லுங்கம்மா."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றும் சேர்த்தேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் போயிற்று.

நவ. 16, ஞாயிறு

மழை. வாளி. பிரமாணப் பத்திரம் தயார். முத்துக்குமார் எழுதியது. "என் கவனக்குறைவால்" என்று இருந்ததை அடித்துவிட்டு, "கேட்கும் வாய்ப்பு இருந்தும் நான் கேட்கவில்லை" என்று திருத்தியிருக்கிறான். சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காலை பத்து மணிக்கு ரெஜினாவுக்குப் போன். நான் யார் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியாயிற்று. அதிலிருந்து என்னிடம் சுருக்கமாகத்தான் பேசுகிறாள். லாரன்ஸ் கேட்டதைச் சொன்னேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எறங்கிச்சி. எல்லா வள்ளமும் போச்சி. கொலகாரன் ஆத்தாளுக்கு எதுக்குக் கடல நிறுத்தணும்னு சொல்லிட்டாவ. தூக்க ஆளு இல்ல. எம் மாப்பிள்ள, கோயில்பிள்ள, ஃபாதரு, டவுன்ல இருந்து கூலிக்கி ஒருத்தன். நாலு பேரு."

கோயில்பிள்ளை. அன்றைக்கு ஜெனிட்டாவிடம் "தூக்க யாரு வருவா" என்று சொன்ன அதே ஆள், தூக்கியவர். இதை அவர் சொல்லவில்லை. எந்தத் துட்டிக்காவது வள்ளம் இறங்கியதுண்டா என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. ஆறு பேருக்கு எழுதிப் போட்டவள் நான்: கேட்கப்படாத கேள்வி எது.

அந்தம்மா சாகும்வரை மகன் கொலைகாரன் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். ஊரும் அதையே நம்பி, அவர் சாவுக்குக் கடலை நிறுத்தவில்லை. அந்தக் கடல் இப்போது மகனுக்கு எதிராகவும் வரும். "துட்டி அன்றும் வள்ளம் இறங்கியிருக்கிறதே, இவர்கள் வீட்டுத் துட்டிக்கே இறங்கியதே" என்று அரசு வக்கீல் எழுந்து நிற்பார். காரணம் வேறு என்று சீனியர் வாதாடலாம். தாங்குமா தெரியாது.

மதியம் பிள்ளைகளிடம் சொன்னேன். முத்துக்குமார் போர்டைப் பார்த்தான். நமக்கு எதிராக இருப்பதையும் எழுது என்ற நாலாவது வரி இன்னும் அழியாமல் இருந்தது. கேஸ் குறிப்பேட்டை எடுத்து ஜெனிட்டா பக்கம் தள்ளினான். அவள்தான் எழுதினாள், அவள் அம்மாவின் ஊரைப் பற்றி. தேதி போட்டு, ரெஜினா சொன்னபடியே, எல்லா வள்ளமும் போச்சி, நாலு பேரு என்று. எழுதி முடித்துப் பேனா மூடியைப் போட்டாள்.

"மேடம், ஃபைல்ல எழுதிட்டோம். லாரன்ஸ்ட்டயும் சொல்லணுமா?"

வியாழக்கிழமை அவரைப் பார்க்க ஜெயிலில் மனு போட்டிருக்கிறேன்.